ப. சிங்காரம் எழுதிய போரும் எழுதாத ரயிலும்

‘புயலிலே ஒரு தோணி’ பற்றி எழுதணும் என்று நாலைந்து வருஷமாக நினைப்பு. எழுத உட்கார்ந்தால் வெறும் பாராட்டாகவே வந்து நிற்கும். பாராட்டுவதற்கு ஏற்கெனவே நிறைய பேர் இருக்கிறார்கள், நாம வேறயா என்று மூடி வைத்துவிடுவேன். போன மாதம் மூன்றாவது முறையாகப் படித்தேன். ஆவடியிலிருந்து பட்டரவாக்கம் போக வர லோக்கல் ரயிலில், சீட் கிடைத்த நாட்களில் மட்டும். இந்தத் தடவை முடித்தபோது ஒரு உறுத்தல் மிச்சமிருந்தது. நாவல் அப்படியேதான் இருக்கிறது. நடுவில் நான் வேறு சில விஷயங்களைப் படித்துத் தொலைத்துவிட்டேன். அந்த உறுத்தலைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முன்னாடியே சொல்லிவிடுகிறேன், நான் இலக்கிய விமர்சகன் கிடையாது. பகல் முழுக்க வங்கிக் கணக்கு மென்பொருளோடு மல்லுக்கட்டுகிறவன். பேரேடு, வட்டி, நோட்டு என்று எங்கே வந்தாலும் என் கண் அங்கேயே போய் நிற்கும். இந்தக் கட்டுரையும் அப்படித்தான் இருக்கும்.

படிக்காதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. ப. சிங்காரம் 1920இல் சிங்கம்புணரியில் பிறந்தவர். 18 வயதில் கடை வேலைக்காக சுமத்ராவின் மெடான் நகரத்துக்குப் போனார். போர்க்காலத்தை அந்தப் பக்கத்திலேயே கழித்துவிட்டு 1946இல் திரும்பி வந்து, மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தார். எழுதியது மொத்தம் இரண்டே நாவல். ‘கடலுக்கு அப்பால்’ கலைமகள் பரிசு வாங்கி 1959இல் புத்தகமானது. ‘புயலிலே ஒரு தோணி’ 1972இல்தான் வந்தது. 1997இல் அவர் இறக்கும்வரை பெரிய கவனம் எதுவும் கிடைக்கவில்லை. இன்றைக்கு அவர் பெயரைச் சொல்லாமல் தமிழ் நாவல் பட்டியல் போட முடியாது. நம்ம ஊர் வழக்கம் தெரிந்ததுதானே.

இரண்டு நாவலுக்கும் பின்னணி ஒரே போர். பள்ளிப் பாடத்தில் அதை ‘இரண்டாம் உலகப் போர்’ என்று படித்துவிட்டுப் போய்விடுகிறோம். ஆனால் தென்கிழக்காசியாவில் நடந்ததைத் தனியாக எடுத்துப் பார்த்தால் வேறு மாதிரி தெரியும். பழைய காலனிப் பேரரசுகள் உட்கார்ந்திருந்த இடத்தை, புதிதாக எழுந்த ஒரு வல்லரசு வந்து பிடுங்கிய போர் அது. பிரிட்டனுக்கு மலேயாவின் ரப்பரும் ஈயமும். டச்சுக்காரர்களுக்கு சுமத்ராவின் எண்ணெயும் புகையிலையும். 1941 ஆகஸ்டில் அமெரிக்கா எண்ணெய் தருவதை நிறுத்தியதும் ஜப்பானின் கண் பாலெம்பாங் எண்ணெய்க் கிணறுகள் மேல் விழுந்தது. டச்சுப் பேரரசின் நிலைமை அதைவிட விசித்திரம். 1940 மே மாதமே நெதர்லாந்து ஜெர்மனியிடம் விழுந்துவிட்டது. தலை போன பிறகும் கை கால் மட்டும் இரண்டு வருஷம் ஆசியாவில் அதிகாரம் செய்துகொண்டிருந்தது.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. 1941 டிசம்பர் 11 அன்று பினாங்கில் குண்டு விழுந்தது. ஒரு வாரத்துக்குள் பிரிட்டிஷார் வெள்ளைக்காரர்களை மட்டும் இரவோடு இரவாகக் கப்பலேற்றிவிட்டு, ஊரை ஊர்க்காரர்களிடமே விட்டுப் போய்விட்டார்கள். கார்ன்வாலிஸ் கோட்டையில் பிரிட்டிஷ் கொடி பறந்துகொண்டிருக்கும்வரை ஜப்பான் விமானம் குண்டு போடும் என்று புரிந்து, அந்தக் கொடியை இறக்கி வெள்ளைக்கொடி ஏற்றியவர் ஒரு தமிழர், ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ பத்திரிகையின் ஆசிரியர் எம். சரவணமுத்து. யாழ்ப்பாணத் தமிழர். ஆளுகிறவர்கள் ஓடிப்போன ஊரில், அவர்கள் கொடியை இறக்கும் வேலையைக்கூட வேறொருவர்தான் செய்ய வேண்டியிருந்தது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சரணடைந்தது. மார்ச் 8 வாக்கில் டச்சுக்காரர்கள் ஜாவாவில் கை தூக்கினார்கள். மார்ச் 13 அன்று ஜப்பானியர் மெடானுக்குள் நுழைந்தார்கள்.

இது எங்கேயோ தூரத்தில் நடந்தது என்று நினைக்க வேண்டாம். ஏப்ரல் 5 அன்று கொழும்பு, 6 அன்று விசாகப்பட்டினம், காக்கிநாடா, 9 அன்று திருகோணமலை என்று வரிசையாகக் குண்டு விழுந்தது. சென்னை அரசாங்கமே அலுவலகங்களை மூட்டை கட்டி உள்நாட்டு ஊர்களுக்கு அனுப்பியது. குண்டு விழுந்தால் கூண்டு உடைந்து வெளியே வந்துவிடுமே என்று மிருகக்காட்சிசாலைச் சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். நான் குடியிருக்கும் ஆவடியின் இன்றைய உருவமும் அந்தப் போரிலிருந்து வந்ததுதான். ராணுவக் கிடங்குகள், முகாம்கள் எல்லாம் அப்போது பெருகியவை. பக்கத்தில் சோழவரத்தில் பின்னால் கார் பந்தயம் நடந்த ஓடுபாதையும் போர்க்கால விமான ஓடுபாதைதான். (ஆவடி என்ற பெயரே ஒரு ஆங்கில ராணுவப் பெயரின் முதலெழுத்துகள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு விரிவாக்கம் சுற்றும். பேரை வைத்துக்கொண்டு பின்னால் பொருத்தியது மாதிரித்தான் எனக்குப் படுகிறது.) அந்த ராணுவ ஊரில்தான் 1955இல் காங்கிரஸ் மாநாடு நடந்தது, அறுபதுகளில் டாங்க் ஃபேக்டரி வந்தது, அந்த ஃபேக்டரி வேலைக்காக என் அப்பா பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து இங்கே வந்தார். சிங்காரத்தின் போர் முடிந்த இடத்தில்தான் நான் பிறந்தேன் என்றுகூடச் சொல்லலாம். சரி, நாவலுக்கு வருவோம்.

மெடான் தெருவில் ஜப்பானியப் படை நுழைவதை வேடிக்கை பார்க்கும் கூட்டத்தோடு ‘புயலிலே ஒரு தோணி’ தொடங்குகிறது. போர்முனையோ தளபதியோ வரைபடமோ கிடையாது. ஒரு தெரு, இரு பக்கமும் ஜனம், நடுவில் புது எஜமானர்களின் வண்டிகள். பாண்டியன் என்ற இளைஞன் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். வட்டிக்கடை உலகத்து ஆள். இத்தனை நாள் சலாம் வாங்கிய டச்சுக்காரன் காணாமல் போனான். நடுவில் கிடைத்த இடைவெளியில் கடைகள் கொள்ளை போகின்றன. ஜப்பானியர் கொள்ளையடித்தவர்களைப் பிடித்து வெட்டி, தலைகளை ஊர் நடுவே பார்வைக்கு வைக்கிறார்கள். கொள்ளை நின்றுவிடுகிறது. ஊர் நிம்மதியடைகிறது.

அந்த நிம்மதியை எழுதிய இடத்தில்தான் சிங்காரம் மற்ற எல்லோரையும் தாண்டிப் போகிறார் என்பது என் கட்சி. விடுதலை செய்ய வந்தவன், அடிமைப்படுத்த வந்தவன் என்று எந்தப் பட்டமும் அந்தப் பக்கங்களில் இல்லை. தலைகளைப் பார்த்துவிட்டுக் கடைக்காரன் கடையைத் திறக்கிறான். தன் சரக்கு பத்திரம் என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. எவ்வளவு செலவில் என்பதும் தெரியும், அதைப் பற்றி அவன் பேசமாட்டான். ஒரு பேரரசு போய் இன்னொன்று வருவதை வியாபாரி இப்படித்தான் பார்த்திருப்பான் என்று பளிச்சென்று நம்ப முடிகிறது.

இன்னொன்று. 1942 மார்ச்சில் யார் தேய்கிறார்கள், யார் எழுகிறார்கள் என்று அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. நமக்கு 1945 தெரியும். அதனால் ‘வீழும் பேரரசு’ என்று சுலபமாக எழுதிவிடுகிறோம். தெருவில் நின்றவனுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: நாளைக்குக் காலையில் எந்த நோட்டு செல்லும்? டச்சு கில்டர் போய் ஜப்பான் அச்சடித்த நோட்டு வந்தது. மலேயாவில் ‘வாழைமர நோட்டு’ என்று பேரே வந்துவிட்டது, பத்து டாலர் நோட்டில் வாழைமரம் போட்டிருந்ததால். போகப் போக வரிசை எண்கூட இல்லாமல் அச்சடித்துத் தள்ளினார்கள். போர் முடிந்த அன்றைக்கு அது வெறும் காகிதம். எழுந்த வல்லரசு மூன்றரை வருஷத்தில் விழுந்தது. விழுந்த டச்சுக்காரன் மறுபடி வந்தான். சுதந்திரம் அறிவித்த இந்தோனேசியக் குடியரசு தன் சொந்த நோட்டைப் போட்டது. ஒரே பெட்டியில் நாலைந்து வருஷத்துக்குள் எத்தனை அரசாங்கம் வந்து போயிருக்கிறது பாருங்கள்.

இதில் வேடிக்கையான ஒரு சட்டக் கதை உண்டு, நாவலில் வராதது. மலேயாவில் செட்டியார்களிடம் போருக்கு முன்னால் நல்ல பணத்தில் கடன் வாங்கியவர்கள், ஆக்கிரமிப்புக் காலத்தில் வாழைமர நோட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டிக் கடனை அடைத்தார்கள். வாங்க மாட்டேன் என்றால் ஜப்பான்காரனின் நோட்டை அவமதித்த மாதிரி. போருக்குப் பிறகு அந்தக் கடனெல்லாம் தீர்ந்ததா இல்லையா என்று பெரிய வழக்கு. 1948இல் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டு, எந்தத் தேதியில் கட்டிய நோட்டுக்கு எவ்வளவு மதிப்பு என்று ஒரு அட்டவணை கொடுத்தார்கள். தேதி நகர நகர மதிப்பு இறங்கிக்கொண்டே போகும். ஒரு ஆட்சியின் வீழ்ச்சியை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன ஆவணத்தை நான் வேறு எங்கும் பார்க்கவில்லை. இப்படி ஒரு அட்டவணையை மென்பொருளில் ஏற்றச் சொன்னால் எங்கள் டீமில் சண்டையே நடக்கும்.

இந்த வட்டிக்கடைப் பார்வை ‘கடலுக்கு அப்பால்’ நாவலில் இன்னும் கூர்மை. அளவில் சின்னதுதான், வேகமும் கம்மிதான். ஆனால் அதன் நடுவில் உள்ள முடிச்சு அருமை. பினாங்கில் வட்டிக்கடை நடத்தும் வயிரமுத்துப் பிள்ளையிடம் வேலை பார்க்கும் செல்லையா ஐ.என்.ஏ.வில் சேர்ந்து திரும்பி வருகிறான். முதலாளி மகள் மரகதத்துக்கும் அவனுக்கும் காதல். முதலாளி பெண் கொடுக்க மறுக்கிறார். ஏன்? அவன் கெட்டவன் என்பதால் இல்லை. துப்பாக்கி பிடித்தவன் கை இனிமேல் கணக்குக்கு அடங்காது, கடன்காரன் முன்னால் குழைய வேண்டிய இடத்தில் குழையாது என்பதால். பட்டாளம் அவனைத் தொழிலுக்கு லாயக்கில்லாதவனாக ஆக்கிவிட்டது. ஒரு போர் மனிதனை என்ன செய்யும் என்பதற்கு காயம், மரணம் என்று நூறு பதில் படித்திருக்கிறேன். ‘பெட்டியடியில் உட்கார முடியாமல் செய்யும்’ என்ற பதிலை இவரிடம்தான் படித்தேன். அந்தப் பெரியவரையும் வில்லனாக்காமல், அவர் பக்கத்து நியாயத்தோடே விட்டுவிடுகிறார்.

‘புயலிலே ஒரு தோணி’ இதைவிடப் பெரிய படைப்பு, அதே சமயம் ஓட்டையும் பெரிது. மலாக்கா ஜலசந்தியில் தொங்கான் புயலில் மாட்டும் பகுதியைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் தாண்டிவிடுகிறேன். பாண்டியனும் நண்பர்களும் குடித்துவிட்டுத் தமிழ்ப் பெருமையைக் கிழிக்கும் பகுதி இன்றைக்கும் சுடும். பழந்தமிழ் வீரம் பேசுகிற இனம், இரண்டு அந்நியர்கள் மோதும் போரில் தெருவோரம் நின்று வேடிக்கை பார்க்கிறதே என்ற எரிச்சல்தான் அந்தக் கிண்டலுக்கு அடியில் இருக்கிறது என்று நினைக்கிறேன். இந்தப் பகுதியைத் தனியாகக் கத்தரித்து ‘தமிழர் விமர்சனம்’ என்று போடுகிறவர்கள், அது பேசப்படும் இடமும் காலமும் ஜப்பானிய ஆக்கிரமிப்பு என்பதை விட்டுவிடுகிறார்கள்.

ஓட்டை என்றால், முதலில் பாண்டியனே. அவனால் முடியாதது எதுவுமில்லை. பேசுகிறான், மயக்குகிறான், சுடுகிறான், தப்பிக்கிறான். நடுப்பகுதியில் உளவுக் கதை வாசனை தூக்கலாக அடிக்கிறது. பெண்கள் அவன் வழியில் வந்து போகிறார்கள், தங்களுக்கென்று நினைப்புள்ளவர்களாகத் தெரிவதில்லை. இதெல்லாம் சில்லறைக் குறைகள், பழைய நாவல் என்று தள்ளிவிடலாம்.

பெரிய விஷயம் கடைசிப் பகுதி. போர் முடிந்த பிறகு பாண்டியன் சுமத்ராவில் இந்தோனேசியக் கெரில்லாக்களோடு சேர்ந்து டச்சுக்காரர்களை எதிர்த்துப் போராடி, ஊர் திரும்பாமலே செத்துப்போகிறான். எனக்குத் தெரிந்து தமிழ் நாவலில் இது தனி ரகம். அந்த நேரத்தில் சுமத்ராவில் என்ன நடந்தது தெரியுமா? டச்சுக்காரர்கள் திரும்பி வரும்வரை இடத்தைப் பிடித்து வைக்க பிரிட்டன் அனுப்பியது இந்தியப் படையை. 1945 அக்டோபரில் 26ஆவது இந்திய டிவிஷன் மெடானில் இறங்கியது. தன் நாட்டுக்கு இன்னும் சுதந்திரம் வராத சிப்பாய், இன்னொரு நாட்டுச் சுதந்திரத்துக்கு எதிராகத் துப்பாக்கி தூக்கி நின்றான். அந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால், பாண்டியன் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது வெறும் சாகசமாகத் தெரியவில்லை.

இதுவரைக்கும் பாராட்டுதான். இனி உறுத்தலுக்கு வருகிறேன்.

இந்த நாவலை நம்மாட்கள் பெரும்பாலும் ‘ஐ.என்.ஏ. நாவல்’ என்றே அறிமுகப்படுத்துகிறார்கள். நேதாஜி, தமிழ் வீரர்கள், ஜப்பான் துணையோடு வெள்ளையனை எதிர்த்த கதை. நாவலே அப்படி ஒரு புகழ்மாலை கிடையாது என்பதை மேலே சொன்னேன். ஆனாலும் அந்த அறிமுகம் ஒட்டிக்கொண்டதற்கு நாவலும் கொஞ்சம் காரணம். அது யாரைப் பார்க்கிறது, யாரைப் பார்க்கவில்லை என்பதில் இருக்கிறது விஷயம்.

மலேயாவில் அன்றைக்கு இருந்த தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத் தொழிலாளிகள். வட்டிக்கடைத் தெருக்காரர்கள் ஒரு கையளவு. ஜப்பானியர் வந்ததும் ரப்பர் ஏற்றுமதி நின்றது, தோட்டத்தில் வேலை இல்லை, அரிசி இல்லை. அந்த ஆட்களைத்தான் சயாம்–பர்மா ரயில்பாதை போட அள்ளிக்கொண்டு போனார்கள். தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர், காடும் மலையும். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். கூலியும் அரிசியும் உண்டு, சில மாதத்தில் திரும்பிவிடலாம் என்று ஆசை காட்டி முதலில். பிறகு லாரியை நிறுத்தி ஆளைப் பிடித்து. வேலை செய்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் அறுபதாயிரம் பேருக்கு மேல், செத்தவர்கள் 12,000க்கு மேல். ஆசியத் தொழிலாளிகள் ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர், செத்தவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்று மதிப்பீடு. மதிப்பீடு என்ற சொல்லைக் கவனியுங்கள். கைதிகளுக்கு எண் உண்டு, பெயர்ப்பட்டியல் உண்டு, காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறை உண்டு. காலராவில் செத்த தோட்டத் தமிழனுக்குப் பட்டியலே கிடையாது, குழிதான்.

உலகத்துக்கு அந்த ரயில் ஒரு ஹாலிவுட் படமாகத்தான் தெரியும். 1957இல் வந்த க்வாய் நதிப் பாலம் படம். அதை எடுத்தது இலங்கையில், கித்துல்கலவில். படத்தில் பாலம் கட்டுவது வெள்ளைக்காரக் கைதிகள். தமிழ்க் கூலி ஒருத்தர்கூட மனதில் நிற்பதில்லை. சரி, அவன் படம், அவன் ஆளைக் காட்டுகிறான். நம்ம நாவல்?

மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்று ஒரு நாவல் எழுதினார். கலை என்று பார்த்தால் சிங்காரத்தின் பக்கத்தில் நிற்காது. நடை தட்டை, அழுகை ஜாஸ்தி. ஆனால் அதைப் படித்துவிட்டு சிங்காரத்தை மறுபடி எடுத்தபோது, பாண்டியன் நடக்கும் பினாங்குத் தெருக்கள் எனக்குக் கொஞ்சம் சின்னதாகிவிட்டன. அதே வருஷங்கள், அதே மொழி பேசும் ஜனம், சில மணி நேரப் பயணத் தூரத்தில் தோட்டங்கள். அந்த ஜனம் சிங்காரத்தின் மையத்துக்கு வரவே இல்லை. கடைத் தெருவின் ஒவ்வொரு மார்க்காவும், ஒவ்வொரு தின்பண்டமும் நினைவிலிருந்து வருகிறது. தோட்டத்து லயம் வருவதில்லை.

காரணம் புரியாமல் இல்லை. சிங்காரம் கடைத் தெருவில் வாழ்ந்தவர், தனக்குத் தெரிந்ததை எழுதினார். அவர் இருந்தது சுமத்ராவில், ரயிலுக்கு ஆள் பிடித்த மலேயத் தோட்டங்களில் இல்லை. கடைத் தெருவுக்கும் லயத்துக்கும் நடுவில் ஜாதி, வர்க்கம் என்று பெரிய கடல் வேறு. நாவல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இல்லையே, எல்லோரையும் எழுதினால்தான் நாவலா என்று நண்பர் ஒருவர் என்னிடம் சண்டை போட்டார். பாதி ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு என் பதில் இது: அந்த ரயில் ஐ.என்.ஏ. கதைக்கு வெளியே நடந்த தனிக்கதை இல்லை. பர்மாப் போர்முனைக்குத் தளவாடம் அனுப்பத்தான் அந்தப் பாதையே போட்டார்கள். இம்பாலை நோக்கி நகர்ந்த போருக்குச் சாமான் போனது அந்தத் தண்டவாளத்தின் மேலும்தான். படையில் சேர்ந்தவர்களில் நிறைய பேர் தோட்டத்துத் தமிழர்கள். நேதாஜியின் பேச்சில் உருகிச் சேர்ந்தவர்கள் உண்டு, சந்தேகமே இல்லை. ராணுவ உடுப்புப் போட்டுக்கொண்டால் ரயிலுக்குப் பிடித்துப் போகமாட்டான் என்று சேர்ந்தவர்களும் உண்டு. ஒரே ஆளுக்குள் இரண்டும் இருந்திருக்கலாம். செல்லையா துப்பாக்கி பிடித்ததால் பெட்டியடிக்கு லாயக்கில்லாமல் போனதை அவ்வளவு நுட்பமாகப் பார்த்த எழுத்தாளர், இந்த ஆளைப் பார்த்திருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று ஏங்காமல் இருக்க முடியவில்லை. பார்க்காததுதான் என் குறை. குற்றச்சாட்டு என்று வைத்துக்கொண்டாலும் சரி.

இதில் எனக்குச் சொந்தக் கணக்கு ஒன்றும் உண்டு, மறைக்கத் தேவையில்லை.

என் தாத்தாவின் அண்ணன் 1937இல் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயா போனார். அடுத்த வருஷமே இந்திய அரசு தோட்டத்துக்கு உதவிப் பயணத்தில் ஆள் அனுப்புவதைத் தடை செய்துவிட்டது. ஒரு வருஷம் தாமதித்திருந்தால் ஊரிலேயே இருந்திருப்பார். பேராக் பக்கம் ஏதோ தோட்டம். வருஷத்துக்கு ஒரு கடுதாசி, கொஞ்சம் பணம். 1941 தீபாவளிக்கு முன்னால் வந்ததுதான் கடைசி. போர் முடிந்ததும் அந்தத் தோட்டத்திலிருந்து திரும்பிய ஒருவர் வீட்டுக்கு வந்து, “வண்டியில ஏத்திக்கிட்டுப் போனாங்க, அப்புறம் பாக்கல” என்று மட்டும் சொன்னாராம். யார் ஏற்றினார்கள், எங்கே என்று அப்பாயி கேட்கவில்லை. கேட்டாரோ, அவர் சொல்லவில்லையோ. நான் சின்னப் பையனாக இருக்கும்போது வீட்டில் அது ‘பெரிய தாத்தா நேதாஜி படையில சேந்து செத்தாரு’ என்றாகியிருந்தது. ஆவடியில் ஆறாவது படிக்கும்போது சுதந்திர தினப் பேச்சுப் போட்டியில் அதை நெஞ்சை நிமிர்த்திச் சொல்லி, ஒரு எவர்சில்வர் டம்ளர் பரிசு வாங்கினேன். டம்ளர் இன்னும் இருக்கிறது.

பாண்டியனை முதல் தடவை படித்தபோது அவர் முகத்தைத்தான் அவனுக்குக் கொடுத்துப் படித்தேன். பார்த்திராத முகம், அதனால் சுலபம். சண்முகத்தைப் படித்த பிறகு அந்த ‘வண்டி’ என்ற வார்த்தை நெருடத் தொடங்கியது. படைக்குப் போனவரை ‘ஏத்திக்கிட்டுப் போனாங்க’ என்று ஏன் சொல்ல வேண்டும்? ‘போனாரு’ என்றல்லவா சொல்வார்கள். ஒரு வினைச்சொல்லை வைத்துக்கொண்டு ஒரு ஆளின் சாவை முடிவு செய்ய முடியாது, எனக்கும் தெரியும். ஆனால் குடும்பத்தில் வேறு ஆதாரமும் இல்லை, அந்த ஒரு வாக்கியம்தான்.

நாவலைப் பற்றிய கட்டுரையில் இதை எதற்கு எழுதுகிறேன் என்றால், என் குடும்பம் செய்ததையும் இந்த நாவலின் வாசகர்கள் செய்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ரெண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது. ஒரு போரில் இரண்டு பேரரசும் சேர்ந்து நசுக்கிய ஆட்களுக்கு, பின்னால் ஒரு சீருடை மாட்டிவிடுகிறோம். சிங்காரம் அதைச் செய்யவில்லை. அவர் ஐ.என்.ஏ.வைக்கூடக் கொஞ்சம் தள்ளி நின்று, கிண்டலோடுதான் பார்த்தார். அவர் கடைத் தெருவுக்கு வெளியே வரவில்லை, அவ்வளவுதான். அந்த வெற்றிடத்தில் நாம் நமக்குப் பிடித்த கதையைப் போட்டுக்கொண்டோம்.

இனி யாராவது இந்த நாவலைச் சிபாரிசு கேட்டால், முதலில் ‘கடலுக்கு அப்பால்’ படியுங்கள், அப்புறம் ‘சயாம் மரண ரயில்’, கடைசியில் ‘புயலிலே ஒரு தோணி’ என்பேன். ரயிலைப் படித்த கையோடு மெடான் தெருவுக்கு வந்தால், ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில் யார் யார் இல்லை என்பதும் கண்ணில் படும். பதிப்பாளர்கள் அடுத்த பதிப்பில் ஒரு வரைபடமும், டச்சு, மலாய்ச் சொற்களுக்கு ஒரு அகராதியும் சேர்த்தால் புண்ணியமாகப் போகும். மொஸ்கி ஸ்ட்ராட் எங்கே, பெலவான் எங்கே என்று தெரியாமல் முதல் ஐம்பது பக்கத்தில் நின்றுபோனவர்களை எனக்கே நாலு பேர் தெரியும்.

சண்முகத்தின் நாவலை அப்பாவிடம் கொடுத்திருந்தேன். டாங்க் ஃபேக்டரியிலிருந்து ஓய்வு பெற்று பத்து வருஷத்துக்கு மேலாகிறது, பொழுது போகாமல் எதையும் படிப்பார். நாற்பது பக்கம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “இத எங்க அப்பாயி உயிரோட இருக்கறப்ப கொண்டாந்திருக்கக் கூடாதுடா” என்றார். புத்தகம் இப்போது டிவி ஸ்டாண்டில், அந்த டம்ளருக்குப் பக்கத்தில் இருக்கிறது. நாற்பதாம் பக்கத்தில் கரண்ட் பில் வைத்து மூடியிருக்கிறார்.